பாய் சுருள மறுத்தால்...

"பாய்" என்றதும் உங்களுக்கு எது நினைவுக்கு வரும்? கோரைப் பாய்தான், சந்தேகம் என்ன? சிறு வயதில் விடிந்ததும் நம்மில் பலருக்குக் காதில் விழுந்த முதல் உத்தரவே, "எழுந்திரு, பாயைச் சுருட்டி வை" என்பதுதான். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நாம் சுருட்டிய லட்சணம் எப்படி இருக்கும்? ஒரு பக்கம் இறுக்கம், மறு பக்கம் தொளதொளப்பு. நடுவிலிருந்து ஒரு முனை யானைத் தந்தம் போல் நீட்டிக்கொண்டிருக்கும். மூலையில் நிறுத்தினால் நிற்காது. நீட்டிய முனையை உள்ளே தள்ளினால் மறு முனை வெளியே வரும். கடைசியில் அம்மா வந்து, முழுவதையும் விரித்துப் போட்டு, முதலிலிருந்து சுருட்டி வைப்பாள்.

கடலில் ஓடும் படகின் பாய்க்கும் தமிழில் அதே பெயர்தான். அதையும் விரிக்கிறார்கள், அதையும் சுருட்டுகிறார்கள். அங்கே கோணலாகச் சுருட்டினால் கோபித்துக்கொள்ள அம்மா வரமாட்டாள். காற்று வரும்!

"நமக்கும் படகுப் பாய்க்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். சம்பந்தம் நம் ஊர்ப் பெண் ஒருவரால் வந்தது.

இரண்டு பெண்கள், ஒரு படகு

2024-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி, கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகு புறப்பட்டது. அதன் நீளம் சுமார் 17 மீட்டர்தான். அதில் இருந்தவர்கள் இரண்டே பேர். இருவரும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். ஒருவர் கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. மற்றவர் புதுச்சேரிப் பெண்ணான லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. காற்றையே நம்பிப் பூமியைச் சுற்றி வருவது என்று இருவரும் கிளம்பினார்கள்.

வழியில் அவர்கள் கரை தொட்டது நான்கே இடங்களில்: ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமான்டில், நியூஸிலாந்தில் லிட்டில்டன், ஃபாக்லாந்துத் தீவுகளில் போர்ட் ஸ்டான்லி, தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன். மாலுமிகள் பெயரைக் கேட்டாலே நடுங்கும் கேப் ஹார்ன் முனையை 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி கடந்தார்கள். 2025 மே 29-ஆம் தேதி கோவாவுக்கே திரும்பி வந்து சேர்ந்தார்கள். எட்டு மாதம், 25,000 கடல் மைலுக்கும் மேல். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்!

இரண்டு பேர் மட்டும் உள்ள படகில் ஒருவர் கண்ணயர்ந்தால், மற்றவர்தான் மாலுமி, தளபதி, காவற்காரர் எல்லாம். நடுநிசியில் காற்று வலுத்தால் என்ன செய்வது? பாயைக் குறைக்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாய்மீது அதன் பலம் இரண்டு மடங்கு ஆவதில்லை. நான்கு மடங்கு ஆகிறது. வேகம் மூன்று மடங்கானால் பலம் ஒன்பது மடங்கு! சாயங்காலம் குழந்தையைப் போல் தள்ளிக்கொண்டிருந்த காற்று, ராத்திரி மதயானையாக வந்து மோதும். அப்போது விரித்த பாய் விரித்தபடியே இருந்தால் படகு சாய்ந்துவிடும், பாய் கிழியும், பாய்மரமே முறிந்தாலும் முறியும்.

ஆகவே, படகோட்டியின் சாமர்த்தியம் பாயை விரிப்பதில் இல்லை. வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவுக்கு அதைச் சுருட்டுவதில்தான் இருக்கிறது. அந்த நேரம் பார்த்துச் சுருட்டும் கயிறு சிக்கிக்கொண்டால்?

இந்தக் கேள்வியுடன்தான் நான் திருவேட்டக்குடிக்குப் போனேன். ரூபாவின் சொந்த யூனியன் பிரதேசமான புதுச்சேரியைச் சேர்ந்தது காரைக்கால். அதன் கரையில், பாய் பிடித்த கைகள் இன்னும் இருக்கின்றனவா என்று பார்க்க ஆசை.

திருவேட்டக்குடிக் கரையில்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். திருஞானசம்பந்தர் பாடிய தலம். சுவாமிக்குத் திருமேனியழகர் என்று திருநாமம். பெயரே எத்தனை அழகு, பாருங்கள்! அம்பிகை மீனவர் குலத்தில் பிறந்ததாக இந்த ஊர்த் தல புராணம் சொல்கிறது. அதனால் கடற்கரை மக்களுக்குச் சுவாமி வேற்று மனிதர் அல்ல; வீட்டு மாப்பிள்ளை! மாசி மகத்தில் அவர் கடலாடப் புறப்படும்போது குப்பங்களெல்லாம் விழாக் கோலம் பூணும். இன்றைக்கு அதே ஊரில் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் இருக்கிறது. பழைய கோயிலும் புதிய கல்லூரியும் ஒரே கடற்காற்றை வாங்கிக்கொண்டிருக்கின்றன.

கரையில் பாய்மரம் ஒன்றைக் கூடக் காணோம். வரிசையாக ஃபைபர் படகுகள். ஒவ்வொன்றின் பின்னாலும் மோட்டார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி இந்தக் கரையைச் சூறையாடிய பிறகு, பழைய கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பிடித்துக்கொண்டன. பாய் விரித்து ஓடிய காலம் பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறது.

அப்படி ஒரு பெரியவர் நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"ஐயா, நீங்கள் பாய் வைத்து ஓட்டியிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"ஓட்டாம? மோட்டாரெல்லாம் நேத்து வந்ததும்மா" என்றார்.

பிறகு அவர் கயிறுகளின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். பாயைத் தாங்கும் குறுக்குக் கழிக்குப் பருமல் என்று பெயர். அதை மரத்தின் உச்சிக்கு ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ் முனையைப் பிடித்துக் காற்றுக்கு ஏற்றபடி இறுக்கியும் தளர்த்தியும் வைக்கும் கயிறு தாமான். "தாமானை மட்டும் எங்கேயும் முடிச்சுப் போட்டுக் கட்டிடக் கூடாது. கையிலயே இருக்கணும். காத்து மீறிச்சுன்னா கையை விட்டாப் போதும், பாய் காத்தைக் கொட்டிடும்" என்றார்.

"கயிறு சிக்கிக்கொண்டதே இல்லையா?" என்றேன்.

பெரியவர் வலையைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கலியாணமாகி மூணு மாசம். பெரியப்பாவோட வள்ளத்துல போயிருந்தேன். பொழுது சாயுற நேரம் மேற்கே கருத்துக்கிட்டு வந்துச்சு. கச்சான் காத்தும்மா. அது கரையிலேருந்து கடலுக்குள்ளே தள்ளுற காத்து. பாயை இறக்கணும். ஆஞ்சானை அவுத்தா இறங்கலை. உச்சியில கப்பியை விட்டு எகிறி, கப்பிக்கும் மரத்துக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. நான் வாலிபப் புள்ள இல்லையா? பருமலைப் புடிச்சுத் தொங்கி இழுத்தேன். இழுக்க இழுக்க இறுகிப் போச்சு. வள்ளம் ஒரு பக்கமா சாயுது. பெரியப்பா, 'கையை எடுடா'ன்னு ஒரு சத்தம் போட்டாரு. தாமானை விட்டாரு. பாய் படபடன்னு அடிச்சுது. ஆனா வள்ளம் நிமிந்துடுச்சு. அப்புறம் என்ன செஞ்சாரு தெரியுமா? இறக்க வேண்டிய பாயை ஒரு முழம் மேலே ஏத்தினாரு!"

"மேலேயா?"

"மேலேதான். ஏத்தினதும் கயிறு தளந்து வெளியே வந்துச்சு. அப்புறம் பாய் தானா இறங்கிச்சு."

இவ்வளவு நேரம் பேசாமல் இருந்த அந்த அம்மாள், "அன்னிக்கு ராத்திரி கரையில நின்னவளுக்கில்ல தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் வலைக் கண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மரத்துக்குள் ஒளியும் பாய்

இந்தக் காலத்து உல்லாசப் படகுகளில் பாயை ஏற்றி இறக்கும் சிரமம் கூட வேண்டாம் என்று ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள். பாய்மரம் உள்ளே கூடாக இருக்கும். அந்தக் கூட்டுக்குள் மேலிருந்து கீழ் வரை ஒரு தண்டு. பெரும்பாய் அந்தத் தண்டின்மேல் சுருண்டு, மரத்துக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மரத்தின் பின்புறம் உள்ள நீளமான பிளவு வழியாக வெளியே வரும்.

இதை இயக்க இரண்டு கயிறுகள். ஒன்று, பாயின் முனையைப் பிடித்து வெளியே இழுக்கும் கயிறு. மற்றொன்று, தண்டின் அடியில் உள்ள உருளையில் சுற்றியிருக்கும் சுருட்டுக் கயிறு. பாய் வெளியே வரும்போது சுருட்டுக் கயிறு உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். சுருட்டுக் கயிற்றை இழுத்தால் தண்டு சுழன்று பாய் உள்ளே போகும். இருந்த இடத்தில் உட்கார்ந்தபடியே ஒருவர் இதைச் செய்துவிடலாம்.

இந்த முறையை 1970-களில் பிரபலமாக்கியவர்களில் ஒருவர் டெட் ஹூட் என்ற அமெரிக்கர். பாய் தைப்பதே அவருக்குத் தொழில். 1974-ல் 'அமெரிக்கக் கோப்பை'ப் பந்தயத்தில் வென்ற 'கரேஜியஸ்' படகை ஓட்டியவரும் அவரே. பெரும்பாயை இப்படிச் சுருட்டாமல் படிப்படியாகத் தாழ்த்திக் கட்டும் படகுகளும் உண்டு. அவற்றிலும் முன்பாயைப் பெரும்பாலும் சுருட்டத்தான் செய்கிறார்கள்.

சௌகரியம் இருக்கிற இடத்தில் சங்கடமும் இருக்கும் அல்லவா? சாதாரணப் பாய் என்றால் சிக்கினாலும் கீழே இறக்கிவிடலாம். மரத்துக்குள் பாதி சுருண்டு நின்றுவிட்ட பாயை இறக்கவும் முடியாது. உள்ளே இழுக்கவும் முடியாது. காற்றோ காத்திருக்காது.

வீட்டில் இருக்கும் சிக்கல்கள்தான்

நான் கைபேசியில் இந்தப் பொறியின் படத்தைப் பெரியவரிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தவர், "இது நூல்கண்டு மாதிரிதானே? கயிறு தொளதொளன்னு போய் உக்காந்தா ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கும்" என்றார். படகோட்டப் பழகியவர்கள் முதலில் சொல்லும் காரணமும் அதேதான்!

தையல் இயந்திரத்தின் பாபினில் நூலைத் தளர்வாகச் சுற்றிவிட்டுத் தைத்துப் பாருங்கள். மேல் சுற்று கீழ்ச் சுற்றுக்குள் புதைந்து, நூல் வெட்டி வெட்டி நிற்கும். உருளையில் சுருட்டுக் கயிறும் அப்படித்தான். பாயை விரிக்கும்போது சுருட்டுக் கயிற்றை ஒரேயடியாகக் கைவிடக் கூடாது. இலேசாகப் பிடித்து விட வேண்டும். அப்போதுதான் சுற்று ஒழுங்காக விழும். கயிறு உருளைக்கு நேராக வந்து சேர்கிறதா, கோணலாக ஏறுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது சிக்கல், பீரோவின் இழுப்பறை. துணியை அடைத்து மூடிய இழுப்பறையைத் திறக்கும்போது ஏதோ ஒரு புடவைத் தலைப்பு மாட்டிக்கொள்ளும். இழுத்தால் கிழியும். நீங்கள் என்ன செய்வீர்கள்? இழுப்பறையைச் சற்று உள்ளே தள்ளி, தலைப்பை நீவிவிட்டு, பிறகு இழுப்பீர்கள். தளர்வாகச் சுருண்ட பாய் மரத்துக்குள் மடிப்பு மடிப்பாக அடைந்துகொண்டால், வெளியே வரும்போது பிளவில் மாட்டும். சில சுற்று உள்ளே சுருட்டி, மறுபடி வெளியே எடுக்க வேண்டும். இது வராமல் தடுக்க வழி, சுருட்டும்போது வெளியே இழுக்கும் கயிற்றையும் இலேசாகப் பிடித்துக்கொள்வது. எதிர்ப் பக்கம் சிறிது பிடிமானம் இருந்தால்தான் சுருள் இறுக்கமாக வரும்.

மூன்றாவது, நம் கோரைப் பாய்க் கோணல்! பாயின் அடிப்பக்கத்தைத் தாங்கும் குறுக்குக் கழி சரியான கோணத்தில் நிற்க வேண்டும். அநேகப் படகுகளில் அதன் வெளிமுனையைச் சிறிது தூக்கி வைப்பார்கள். மிகவும் தாழ்ந்தாலும் உயர்ந்தாலும் சுருளின் ஒரு பக்கம் இறுகி, மறு பக்கம் தொய்ந்து போகும். சரியான உயரம் கண்ட இடத்தில் ஓர் அடையாளம் போட்டு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

நான்காவது, உப்பு. உபயோகிக்காத கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவதைக் கேட்டிருப்பீர்கள். கடற்காற்றின் உப்பு கப்பிகளிலும் சுழலும் பாகங்களிலும் படிந்து இறுகிவிடுகிறது. மருந்து மிகவும் மலிவு: நல்ல தண்ணீர். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நன்றாகக் கழுவிவிட்டால் போதும்.

ஐந்தாவது, கயிற்றின் வயது. பாவாடை நாடாவின் நுனி பிரிந்துவிட்டால் அதைக் கோத்து எடுப்பதற்குள் உயிர் போய்விடும் அல்லவா? உரசி உரசிப் பஞ்சாகிப் போன கயிறும், அளவுக்கு மீறித் தடித்த கயிறும் கப்பியில் அப்படித்தான் அடைத்துக்கொள்ளும். பாயின் வயதும் இதில் சேர்த்திதான். பழகிப் பழகி வயிறு தொங்கிப்போன பாய், சுருளும்போது மடிப்பு விழாமல் இருக்காது.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். சில சமயம் எந்தக் கோளாறும் இராது. பாயை வெளியே இழுக்கும் கயிற்றை அவிழ்த்துவிட மறந்திருப்பார்கள்! பூட்டிய கதவைத் தள்ளிக்கொண்டு, "கதவு இறுகிவிட்டது" என்று நாம் சொல்வதில்லையா? அந்தக் கதைதான்.

கையை எடு!

இத்தனை சிக்கலுக்கும் மனிதன் முதலில் செய்யும் வைத்தியம் ஒன்றே: இன்னும் பலமாக இழுப்பது! அதுவே பெரிய அபாயம். படகில் கயிற்றை இழுக்க விஞ்ச் என்னும் திருகுருளை இருக்கிறது. சில படகுகளில் அது மின்சாரத்தில் ஓடுகிறது. பொத்தானை அமுக்கினால் பத்து ஆள் பலத்துடன் இழுக்கும். கயிறு எங்கே சிக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பாயைக் கிழித்துவிட்டோ, கயிற்றை அறுத்துவிட்டோதான் ஓயும். கையால் இழுக்கும்போதுதான், "இங்கே ஏதோ தடுக்கிறது" என்று விரலுக்குத் தெரியும். ஆகையால் மின்சார விஞ்ச் உள்ள படகிலும் கண் பாயின்மேல் இருக்க வேண்டும். தடை தெரிந்த அந்தக் கணமே பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும்.

அனுபவசாலிகள் சொல்லும் வரிசை இது. முதலில், இழுப்பதை நிறுத்து. இரண்டாவது, தாமானைத் தளர்த்தி, படகின் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பு. பாயின் பாரம் குறையும், படகு நிமிரும், யோசிக்க நேரம் கிடைக்கும். மூன்றாவது, உருளையிலிருந்து தொடங்கிக் கயிறு போகும் வழியெல்லாம் கண்ணால் பார்த்துக்கொண்டே போ. நான்காவது, பாயைச் சிறிது வெளியே விடு. சிக்கல் தளர்ந்த பிறகு, மெதுவாகச் சுருட்டு.

இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்குத் திருவேட்டக்குடி வள்ளம்தான் கண்முன் வந்தது. "கையை எடுடா" என்று முதலில் நிறுத்தியது, தாமானை விட்டது, இறக்க வேண்டிய பாயை ஒரு முழம் ஏற்றியது. அந்தப் பெரியப்பா எந்தப் புத்தகத்தைப் படித்தார்? இறுகியதை விடுவிக்க வேண்டுமானால் முதலில் அது வந்த வழியே சிறிது திரும்பிப் போக வேண்டும் என்பதைக் கடல்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த ஒரு முழக் கயிற்றில்தான் இரண்டு உயிர் இருந்தது. கரையில் நின்ற மூன்று மாத மணப்பெண்ணின் வாழ்வும் இருந்தது.

விடைபெறும்போது ரூபாவின் கதையை அந்தத் தம்பதிக்குச் சொன்னேன். பெரியவர், "ரெண்டே பொண்ணுங்களா? உலகத்தையேவா?" என்று மூன்று தடவை கேட்டார். காற்றின் வேகத்தைக் கேட்டார். அலையின் உயரத்தைக் கேட்டார். அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று:

"அந்தப் புள்ளைங்க திரும்பி வர்ற வரைக்கும் கரையில யாரும்மா நின்னா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. "அவங்க அவங்க வீட்டிலே எல்லோரும்தான் பாட்டி" என்றேன்.

"எட்டு மாசமா!" என்றாள். பிறகு, தான் உட்கார்ந்திருந்த கோரைப் பாயை எழுந்து சுருட்டினாள். நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஒரு முனை கூட வெளியே நீட்டவில்லை!